தத்துவம் பேச இதுவா நேரம்?

அப்பத்தாவை ஐசியுவில் சேர்த்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். இரண்டாவது தடவையாகப் பக்கவாதம். வாயில் குழாய், தலைமாட்டில் வென்டிலேட்டர், ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன புறங்கை. காலை ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்த டாக்டர், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "மூளையில பெரிசா முன்னேற்றம் இல்லைங்க. தொண்டையில ஓட்டை போட்டுத் தொடரலாம். இல்லைன்னா... குடும்பமா பேசி ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுத்தார்.

செருப்பு விடும் இடத்துக்கு எதிரே இருந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அப்பா, சித்தப்பா, அத்தை, நான். "உசுரு இருக்கிற வரைக்கும் பார்க்கணும்ல" என்றார் அத்தை. "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுதுன்னு தெரியுமா?" என்றார் சித்தப்பா. அப்பா வாயே திறக்கவில்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார். "அப்பத்தா இப்படிக் கிடக்கணும்னு ஆசைப்படுமா?" என்று நான் கேட்டேன். சித்தப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "தத்துவம் பேச இதுவாடா நேரம்?"

இது நடந்தது 2016 மார்கழியில். அந்தக் கேள்வி இன்னமும் என்னை விடவில்லை. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்: அதுதான் நேரம், சித்தப்பா.

'தத்துவம்' என்ற சொல் நம் பேச்சில் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருப்பது தத்துவம். குடித்துவிட்டு ஒருவர் உளறினால் அதுவும் தத்துவம். காரியத்துக்கு ஆகாத பேச்சு என்றாலே அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. இன்னொரு பக்கம், பல்கலைக்கழகத்தில் ஒரு துறை. அதில் சேர்ந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பதோடு அதைப் பற்றிய நம் அக்கறை முடிந்துபோகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தத்துவம் உட்கார ஒரு நாற்காலி உண்டா?

உண்டு. ஐசியு வாசலில் அப்படி ஒரு நாற்காலி கிடக்கிறது. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் பேசியது ஒரே கேள்வியை அல்ல. அத்தை கேட்டது, உயிர் எந்த நிலையில் இருந்தாலும் அதற்கு ஒரே மதிப்புதானா என்று. சித்தப்பா கேட்டது, ஒருவருக்குச் செய்வதால் மற்றவர்களுக்கு இல்லாமல் போவதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று. நான் கேட்டது, வாயில்லாமல் கிடப்பவருக்காக யார், எதை வைத்துப் பேசலாம் என்று. அப்பா வாய்விட்டுக் கேட்காதது, குழாயை எடுத்தால் அம்மாவைக் கொன்றது நானாகிவிடுவேனா என்று. நான்குமே பல நூறு வருஷமாக ஆட்கள் உட்கார்ந்து யோசித்த கேள்விகள். எங்களுக்கு அவை நான்கு என்பதே தெரியவில்லை. ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் வேறு கேள்வியின் பதிலைச் சொல்ல, சண்டைதான் வந்தது.

கல்லூரிக்கு வெளியே தத்துவம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பாரிஸ் காப்பிக் கடைதான். 1992-ல் மார்க் சோத்தே என்பவர் பாஸ்டில் சதுக்கத்தில் உள்ள கஃபே தே ஃபார் என்ற கடையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று ஆரம்பித்தார். அது பல ஊர்களுக்குப் பரவியது. நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே பேசி முடித்தவர்கள் காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எதையும் முடிவு செய்தாக வேண்டியதில்லை. முடிவு செய்தே ஆக வேண்டிய இடத்தில் தத்துவம் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு மருத்துவமனைக்குத்தான் திரும்ப வேண்டும்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டில். 1960-ல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்தி வைக்கக்கூடிய ஒரு டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யும்போதும் ரத்தக்குழாயை அறுத்துத்தான் இணைக்க வேண்டும். ஆகவே சில தடவைக்கு மேல் முடியாது. இந்தக் குழாய் வந்தபின் வாரா வாரம், வருஷக்கணக்கில் செய்யலாம் என்றானது. முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருஷம் உயிரோடு இருந்தார். சிறுநீரகம் செயலிழந்தால் சாவு நிச்சயம் என்ற நிலை மாறியது. ஆனால் 1962 ஜனவரியில் அங்கே திறந்த செயற்கைச் சிறுநீரக மையத்தில் இருந்த இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. வாசலில் நின்றவர்கள் அதைவிடப் பல மடங்கு.

யாருக்கு இடம் கொடுப்பது என்று டாக்டர்கள் தாங்களே முடிவு செய்ய விரும்பவில்லை. ஊர்க்காரர்களிலிருந்து ஏழு பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். மருத்துவக் காரணங்களால் கழிக்கப்பட்டவர்கள் போக மீதிப்பேரின் விவரங்கள், பெயர் இல்லாமல், இவர்கள் மேசைக்கு வரும். வயது, கல்யாணம், எத்தனை குழந்தைகள், வருமானம், சொத்து, படிப்பு, தொழில், இதுவரை செய்தது, இனிமேல் செய்யக்கூடியது என்று எல்லாம் பார்ப்பார்கள். தேர்வானவருக்கு வாழ்வு, மற்றவருக்குச் சாவு.

1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷனா அலெக்சாண்டர் இந்தக் குழுவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நாடே அதிர்ந்தது. அந்த ஏழு பேர் கெட்டவர்கள் அல்ல என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. சம்பளம் வாங்காமல், ராத்தூக்கம் கெட்டு, மனசாட்சிக்குப் பயந்து முடிவெடுத்தவர்கள். ஆனால் தங்களுக்கு எது நல்ல வாழ்க்கையாகத் தெரிந்ததோ, அதைப் போல் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். குடும்பஸ்தர், வேலையில் இருப்பவர், சர்ச்சுக்குப் போகிறவர், ஊர்க் காரியங்களில் முன்னால் நிற்பவர். 1968-ல் இந்தக் குழுவை விமர்சித்து எழுதிய இருவர், காட்டோரம் தனியாகக் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோவைப் போன்ற ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனால் இந்த வடமேற்குப் பகுதி அவருக்கான இடமில்லை என்று சொன்னார்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், சித்தர் ஒருவர் போய் நின்றிருந்தால் அந்த மேசையில் அவருக்கு ஒரு ஓட்டும் விழுந்திருக்காது.

'சமூகத்துக்குப் பயன்படும் மனிதர்' என்றால் யார்? பயன்படாதவர் உயிருக்கு மதிப்புக் குறைவா? முன்னால் வந்தவருக்கு முதல் இடம் என்பது நியாயமா, சீட்டுக் குலுக்கிப் போடுவது நியாயமா, பிள்ளைகளின் எண்ணிக்கையை எண்ணுவது நியாயமா? இந்தக் கேள்விகளை அந்த ஏழு பேரும் தவிர்க்கவே முடியாது. வெளியே எடுத்து வைத்துப் பேசாததால், அவற்றுக்கான பதில்கள் அவரவர் பழக்கத்திலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்கும் என்று சட்டம் போட்டது. அப்படிப்பட்ட தேர்வுக்குழுவுக்கே அதன்பின் வேலை இல்லாமல் போனது. ஆனால் கேள்விகள் போகவில்லை. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காக நாம் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்த ராத்திரிகளில் அதே கேள்விகள்தான் திரும்பி வந்தன.

அதே 1972-ல் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அலபாமா மாநிலம் டஸ்கிகீயில், சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் மருந்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932-லிருந்து 40 வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பார்த்தது அரசின் சுகாதாரத் துறை. இது பத்திரிகையில் வந்தபின்தான், மனிதர்கள் மேல் நடக்கும் ஆராய்ச்சிக்கு என்ன வரம்பு என்று சொல்ல 1974-ல் ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். பதினோரு உறுப்பினர்கள். அதோடு ஊழியராக ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவவாதியும் சேர்ந்தார்.

டூல்மின் அங்கே கண்ட ஒன்றுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம். ஆணையத்தில் ஆண்கள், பெண்கள், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், டாக்டர், வக்கீல் எல்லாம் கலந்திருந்தார்கள். இவர்கள் எதிலுமே ஒத்துப்போக மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. குழந்தைகள் மேல் இந்த மாதிரி பரிசோதனை செய்யலாமா, சிறைக்கைதியிடம் வாங்கும் சம்மதம் சம்மதம்தானா என்று ஒவ்வொரு நிகழ்வாக, விவரம் விவரமாகப் பேசியபோது பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 'ஏன் அப்படி முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டபோதுதான் பிரிந்தார்கள். ஒருவர் வேதத்தைக் காட்டினார், ஒருவர் உரிமையைச் சொன்னார், ஒருவர் நன்மை தீமையைக் கூட்டிக் கழித்தார்.

நாம் வழக்கமாக நினைப்பது இதற்கு நேர் எதிர். முதலில் கொள்கையில் ஒத்துப்போக வேண்டும், அப்புறம்தான் காரியத்தில் ஒத்துப்போகலாம் என்று நினைக்கிறோம். அதனால்தான் கொள்கையிலேயே சண்டை போட்டு எழுந்து போய்விடுகிறோம். அந்த அறையில் காரியம் முதலில் முடிந்தது. டூல்மினும் ஆல்பர்ட் ஜான்சன் என்ற ஆணைய உறுப்பினரும் பிறகு இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள்: தெளிவாகத் தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள், கையில் இருக்கும் குழப்பமான நிகழ்வு அதிலிருந்து எங்கே மாறுகிறது என்று பார், அந்த மாற்றம் முடிவை மாற்றுமா என்று கேள். இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பெரியவர்கள் 'அன்னைக்கு இன்னார் வீட்டு விஷயத்துல என்ன செஞ்சோம்?' என்று தொடங்குவது இதே வழிதான். அதில் ஆபத்தும் உண்டு. பழைய முடிவே அநியாயமாக இருந்தால் புதிய முடிவும் அநியாயமாகத்தான் வரும். சாதி விஷயத்தில் நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் அதைத்தான் செய்தன. அங்கே முன்மாதிரியையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு ஆள் தேவை. அந்த ஆணையம் தன் அறிக்கையில் மூன்று உரைகற்களை எழுதி வைத்தது அதற்காகத்தான்: ஆளை மதித்தல், நன்மை செய்தல், நியாயமாகப் பகிர்தல். பெல்மான்ட் என்ற இடத்தில் கூடிப் பேசி உருவானதால் அதற்குப் பெல்மான்ட் அறிக்கை என்று பேர்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1978 ஜூலை 25 அன்று ஓல்டம் ஊரில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவை வளர்க்க முடியும் என்றானதும், அதை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா என்ற கேள்வி வந்தது. 1982-ல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்து, தலைவராக மேரி வார்னாக்கைப் போட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தவர், நடுவில் சில வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. பள்ளியை நடத்திய அனுபவம்தான் அவருக்கு அதிகம் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். பதினாறு பேரை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஒரு வேலையை முடிப்பது சின்ன விஷயமா?

'கரு என்பது ஒரு ஆளா, இல்லையா? உயிர் எப்போது தொடங்குகிறது?' என்றுதான் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வார்னாக் குழு அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 'கருவை நாம் எப்படி நடத்துவது சரி?' என்று நேராகக் கேட்டது. முதல் கேள்விக்கு நுண்ணோக்கியில் பதில் கிடைக்கும் என்பது போல ஒரு மயக்கம் உண்டு. இரண்டாவது கேள்வி, இது நாம் முடிவு செய்ய வேண்டியது என்பதை ஒத்துக்கொள்கிறது. அதன்பின் அறிவியலிடம் உதவி கேட்டார்கள். குழுவில் இருந்த கருவியல் அறிஞர் ஆன் மெக்லாரன் விளக்கினார்: ஏறத்தாழ பதினைந்தாவது நாளில் கருவில் ஒரு மெல்லிய கோடு தோன்றும், உடல் எந்தத் திசையில் அமையும் என்பது அப்போதுதான் தெரியவரும். அதற்குமுன் அந்தக் கரு பிரிந்து இரட்டையராகவும் ஆகலாம். ஆகவே 14 நாள். அதைத் தாண்டி எந்தக் கருவையும் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது.

ஏன் 'கோடு தோன்றும் வரை' என்று விடாமல் எண்ணாகச் சொன்னார்கள்? எண்ணை யாராலும் எண்ண முடியும், மீறினால் தெரிந்துவிடும், நீதிமன்றத்தில் வாதாட வேண்டியதில்லை. 1984-ல் அறிக்கை வந்தபோது குழுவிலேயே சிலர் உடன்படாமல் தங்கள் மறுப்பை அதே அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தில் இனோக் பவல் ஆராய்ச்சியையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். கடைசியில் 1990-ல் சட்டம் 14 நாளை ஏற்றது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளிலும் அதே எல்லைதான். அது இவ்வளவு காலம் நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்தில் அவ்வளவு நாள் கருவை உயிரோடு வைக்க யாராலும் முடியவில்லை. 2016-ல் விஞ்ஞானிகள் பன்னிரண்டு, பதிமூன்று நாளைத் தொட்டதும் 'இன்னும் கொஞ்சம் நீட்டலாமே' என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. நீட்டுவதோ வேண்டாம் என்பதோ, இன்னொரு முறை உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும்.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். சாவைப் பற்றிப் பேச நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறைக்குன்று. மேலே ஏறினால் ஒரு பெரிய பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் இது என்று சொல்கிறது. 57 என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து யாரோ ஒவ்வொரு நாளும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அதே தமிழ்நாட்டில், தெற்கே சில மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுத்து, ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு போக விட்டுவிடுவது. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தன் வீட்டார் இதைப் பேசுவதைக் கேட்டுத் தப்பி உறவினர் வீட்டுக்கு ஓடியபின்தான் வெளியுலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சாவைத் தள்ளிப் போடாமல் ஏற்பதுதான். ஆனால் குன்றின்மேல் இருந்தவர் தானே முடிவு செய்தார், அவர் கூட்டம் அதைக் கண்ணால் பார்த்தது, பார்த்ததைக் கல்லில் எழுதியது. எண்ணெய்க் கிண்ணம் வரும்போது கிழவரைக் கேட்பதில்லை. வீட்டுக்குள்ளேயே முடியும், யாரும் எதையும் எழுதுவதில்லை. 'கருணைக்கொலை சரியா தவறா' என்று மொத்தமாகக் கேட்டால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. யாருடைய முடிவு, யார் பார்க்க நடந்தது, வாய்திறந்து வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்று பிரித்துக் கேட்டால்தான் தெரியும். இப்படிப் பிரித்துக் கேட்கிற வேலைக்குத்தான் தத்துவம் என்று பேர். நீதிமன்றங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணர்கள் இப்படி உண்ணாமல் இருந்து உயிர் விடும் சல்லேகனையைத் தற்கொலை என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக்கின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு மூளை பாதித்து, 2015-ல் இறக்கும் வரை ஏறத்தாழ 42 வருஷம் அங்கேயே ஒரு அறையில் கிடந்தார். அவரை அமைதியாகப் போகவிட வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள் கூடாது என்றார்கள். இங்கே அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு? அவர் வலியை எழுத்தில் கொண்டுவந்தவருக்கா, அவர் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்களுக்கா? 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் பார்த்துக்கொண்டவர்களுக்கே என்றது. அருணா விஷயத்தில் மனு தள்ளுபடியானது. ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்ற வழி அதே தீர்ப்பில் திறந்தது.

திறந்தது என்று பேர்தான். எந்தக் குடும்பம் ஐசியு வாசலிலிருந்து எழுந்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும்? ஆகவே ஊரெல்லாம் என்ன நடந்ததோ அதுதான் எங்களுக்கும் நடந்தது. ஒரு பாரத்தை நீட்டினார்கள். 'மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்.' அப்பா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "ஆலோசனை சொன்னதே நீங்கதானே?" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் பதில் சொல்லவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒரு மனிதன் தன் அம்மாவின் கடைசிக் காகிதத்தில் பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தப் பேனா நடுங்கியதை நான் பார்த்தேன்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பது வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. ஒருவர் தெளிவாக இருக்கும்போதே 'எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் இந்தச் சிகிச்சை வேண்டாம்' என்று முன்கூட்டி எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் புரட்டினால் தத்துவ வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குழாயை எடுப்பது 'செய்வதா', இல்லை 'செய்யாமல் விடுவதா'? ஏற்கனவே ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதும், ஆரம்பத்திலேயே மாட்டாமல் விடுவதும் அறத்தில் ஒன்றா? ஊசி போட்டுக் கொல்வதிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? என் அப்பா மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே கேட்காமல் விட்ட அதே கேள்வி. நீதிபதிகள் அதைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு சொன்ன நடைமுறை யாராலும் நடத்த முடியாததாக இருந்தது. முன்கூட்டி எழுதி வைக்கும் அந்த உயிர்விருப்ப ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் இரண்டாவது மருத்துவக் குழு, பிறகு மாஜிஸ்திரேட்டே வந்து பார்ப்பது. 2023 ஜனவரியில் இதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கினால் போதும். மருத்துவமனையில் இரண்டு குழுக்கள், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. அப்பா கையெழுத்திட்டது போன்ற பாரத்துக்கு இனித் தேவையில்லை, சட்டப்படி.

ஆனால் சட்டம் காகிதத்தைத்தான் மாற்றும், அந்த இரும்பு நாற்காலிகளில் நடக்கும் பேச்சை மாற்றாது. முன்கூட்டி எழுதி வைக்கலாம் என்றால், எதை எழுதுவது என்று யாராவது நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டாமா? பேச்சு எடுத்தாலே 'அபசகுனமா பேசாத' என்று வாயை அடைக்கும் வீடுகள் நம்முடையவை.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றோர் வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அது மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக விரிந்தது. ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவர், கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போகிறார்கள். 2008-ல் மாநில அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. மருந்து கொடுப்பது நர்ஸ் வேலை. இவர்கள் போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். எது பயம், எது ஆசை, யாரைப் பார்க்க வேண்டும், எது வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாதது அங்கே வெளியே வருகிறது. அவர்களில் யாரையாவது தத்துவவாதி என்று கூப்பிட்டால் வெட்கப்படுவார்கள். ஆனால் ஏதென்ஸ் சந்தையில் நின்று ஆட்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சாக்ரடீஸ் இவர்களைப் பார்த்திருந்தால் கூடப் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் விஷயத்தில் அந்த வேலையைச் செய்தது ஒரு நர்ஸ். மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறி வெளியே வந்தவர், கையில் டிபன் பாக்ஸோடு, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். முடிவு என்ன என்று கேட்கவில்லை. "பாட்டி நல்லா இருந்தப்போ எப்படி, நிறைய பேசுவாங்களா?" என்றார். அத்தை பேச ஆரம்பித்தார். அப்பத்தா சந்தைக்கு நடந்தே போகும், ஒருத்தர் கையையும் பிடிக்காது, ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தது. பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். தாத்தா கடைசியில் மூக்கில் குழாயோடு இருபது நாள் கிடந்தபோது, அப்பத்தா அடுப்படியில் வைத்து அத்தையிடம் ஒன்று சொல்லியிருக்கிறது.

"எனக்கு இதெல்லாம் மாட்டாதீங்கடி. நம்ம வீட்டுத் திண்ணையில போட்ருங்க. பால் ஊத்த ஆள் இருந்தாப் போதும்."

அத்தைக்கே அது மறந்துபோயிருந்தது. அப்பா மடித்து வைத்திருந்த சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். சித்தப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனார். அந்த நர்ஸின் பேரைக்கூட நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஊர் வந்து சேர்ந்தோம். திண்ணையைக் கழுவிப் பாய் விரித்து வைத்திருந்தார்கள்.